ஒரு வெள்ளிச் சீட்டு: கெடா மாநிலத்தில் வைத்திய வசதி பெறும் முறை

நம் சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர் பாலிங் வட்டாரத்தில் பல ஆண்டுகளாகச் சாப்பாட்டுக் கடை நடத்தி வருகிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் சுபுஹுத் தொழுகை முடிந்து ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, நெஞ்சின் மேல் அரிசி மூட்டையை ஏற்றி வைத்தாற்போல அவருக்கு ஒரு பாரம். இடது கை மரத்தது. சட்டை நனைய வேர்த்தது. தங்கை மகன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "பாலிங் ஆஸ்பத்திரிக்குப் போவோமா, மாமா?" என்று கேட்டார். "அங்கே என்ன இருக்கு? பினாங்குக்கு விடு, தம்பி" என்றார் பெரியவர்.

கார் பாலிங் ஆஸ்பத்திரி வாசலைக் கடந்தது. சுங்கை பட்டாணியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் சந்தியையும் கடந்தது. பட்டர்வொர்த் வரும்போது காலை நெரிசல். பாலத்தைத் தாண்டித் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றை அடைவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. உயிர் தங்கியது. ஆனால் இரத்தம் கிடைக்காமல் கிடந்த இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிற்று. இன்று அவரால் பத்துப் படி ஏற முடியவில்லை. ஆஸ்பத்திரிச் செலவோ மூன்றே நாளில் மனைவியின் வளையல்களைத் தாண்டிப் போயிற்று.

"என் கதையை எழுதுங்கள், ஊர்ப் பெயரோடு எழுதினாலும் சரி" என்று சொன்னவர் அவரேதான். ஊரை மட்டும் சொல்லி, பெயரை விட்டுவிட்டோம். இதையொட்டி நம் சங்கக் கட்டடத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு வகுப்பு நடந்தது. வர முடியாதவர்களுக்காக அதன் சாரத்தை இங்கே தருகிறோம். வகுப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கெடாவின் சிறு டவுன்களில் கடை வைத்திருப்போர். ஆகையால் பாடமும் கெடாவைப் பற்றியதே. மற்ற மாநிலத்து அன்பர்களுக்கும் முறை ஒன்றுதான். ஊர்ப் பெயர்கள் மட்டும் மாறும்.

முதலில், "அங்கே என்ன இருக்கு?" என்ற கேள்விக்கே விடை தேடுவோம்.

நாட்டுப்புற மக்களுக்குச் சர்க்கார் வைத்தியம் கொண்டுபோகும் திட்டம் மலாயாவில் 1950-களில் உருவாயிற்று. அதற்கு ஆட்களைப் பழக்கும் பயிற்சி நிலையம் ஒன்று நம் கெடாவிலேயே, ஜித்ராவில், அந்தக் காலத்தில் ஏற்பட்டது. 50,000 பேருக்கு ஒரு தலைமைச் சுகாதார நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி கிளினிக் என்பது அன்றைய கணக்கு. மருத்துவச்சி அந்தக் கிளினிக்கிலேயே குடியிருப்பார். நடு இரவில் கதவைத் தட்டினாலும் சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டு கம்பத்துக்குப் புறப்படுவார். நம் தாய்மார் சிலர் இன்றும் அந்த மருத்துவச்சிகளைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்கள். 1970-களில் இந்த மூன்று அடுக்கு இரண்டாகச் சுருங்கியது. கம்பத்தில் கிளினிக் தேசா, அதற்கு மேல் கிளினிக் கெசிஹாத்தான். இன்றும் அதுவே அஸ்திவாரம்.

கிளினிக் தேசாவில் டாக்டர் இருக்கமாட்டார். சமூகத் தாதி இருப்பார். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைக்கு ஊசி போடுவது, பிள்ளை பெற்ற வீட்டுக்கு நேரில் போய்த் தாயையும் சேயையும் கவனிப்பது, சிறு நோய்களுக்கு மருந்து கொடுப்பது அவர் வேலை. கிளினிக் கெசிஹாத்தானில் டாக்டர் உண்டு. நம்மவர்கள் இன்னமும் 'டிரஸ்ஸர்' என்று தோட்டப் பழக்கத்தில் அழைக்கும் உதவி மருத்துவ அதிகாரியும் உண்டு. இரத்தப் பரிசோதனையும் மருந்தகமும் உண்டு. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகிய நம் சமூகத்தின் மூன்று சொத்துக்களுக்கும் ஆயுள் முழுவதும் வைத்தியம் பார்க்க இந்த இடம் போதும். இதற்காகப் பினாங்குக்குப் பஸ் ஏறுகிறவர்களை நாம் அறிவோம். ஏன் போகிறார்கள் என்பது நமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இவற்றுக்கு மேலே ஆஸ்பத்திரிகள். ஜித்ரா, யான், சிக், பாலிங், கோல நெராங் ஆகிய இடங்களில் இருப்பவை சிறிய ஆஸ்பத்திரிகள். எல்லாத் துறை நிபுணர்களும் அங்கே இருக்கமாட்டார்கள். ஆனால் டாக்டர்களும், வார்டும், இருபத்துநான்கு மணி நேர அவசரப் பிரிவும் இருக்கும். கூலிம் ஆஸ்பத்திரி, சுங்கை பட்டாணியின் சுல்தான் அப்துல் ஹலீம் ஆஸ்பத்திரி, அலோர் ஸ்டாரின் சுல்தானா பாஹியா ஆஸ்பத்திரி ஆகியவை நிபுணர்கள் நிறைந்த பெரிய ஆஸ்பத்திரிகள். லங்காவிக்குச் சுல்தானா மலிஹா ஆஸ்பத்திரி. அங்கே முடியாததற்குக் கடலைத் தாண்டித்தான் வரவேண்டும். இருதய அறுவை போன்ற சில காரியங்களுக்கு இவற்றிலிருந்து பினாங்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அனுப்புவார்கள் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டுகிறோம். நாமாகப் போவது வேறு, அவர்கள் அனுப்பிப் போவது வேறு. கடிதமும், முன்னறிவிப்பும், தேவையானால் ஆம்புலன்சும் அவர்கள் பொறுப்பு.

இனி அந்த விடியற்காலைக்குத் திரும்புவோம். மாரடைப்பு என்பது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் கட்டி அடைத்துக்கொள்வது. அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து ஒன்று உண்டு. இருதய நிபுணர் இல்லாத மாவட்ட ஆஸ்பத்திரியிலும் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து டாக்டர் அதைக் கொடுக்க முடியும். கொடுத்தபின் ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். இந்த மருந்துக்கு முதல் சில மணி நேரந்தான் பலம். ஒவ்வொரு அரை மணியும் போகப் போகத் தசை செத்துக்கொண்டே இருக்கிறது. பெரியவரின் கார் பாலிங் ஆஸ்பத்திரி வாசலைக் கடந்தபோது மணி ஆறே கால். அங்கே இறங்கியிருந்தால் பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நின்ற நேரத்துக்குள் மருந்து உடலில் ஏறி வேலை செய்து முடித்திருக்கக்கூடும்.

பக்கவாதத்துக்கும் இதே கதை. வாய் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று திடீரெனக் கண்டால், தைலம் தேய்த்துப் படுக்க வைக்கலாகாது. கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும். நோய் எந்த நிமிஷத்தில் தொடங்கியது என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி. வீட்டில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய வேளையில் 999-ஐ அழைக்கலாம். கார் கையில் இருந்தால் மிக அருகில் உள்ள ஆஸ்பத்திரிக்கே விடவேண்டும். அருகில் இருப்பது தனியார் ஆஸ்பத்திரியானால் அங்கேயும் நுழையலாம். 1998-ம் ஆண்டின் தனியார் மருத்துவமனைச் சட்டத்தின்படி உயிர் காக்கும் அவசர சிகிச்சை செய்யும் வசதியை அவர்கள் எந்நேரமும் வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள்.

அவசரமில்லாத நோய்களுக்கு வருவோம். சர்க்கார் வைத்தியத்தின் வாசற்படி ஒரு வெள்ளிச் சீட்டு. நீல நிற அடையாளக் கார்டு உள்ள பிரஜை கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி கொடுத்தால் டாக்டர், பரிசோதனை, மருந்து எல்லாம் அதில் அடக்கம். டாக்டர் நிபுணரைப் பார்க்கச் சொன்னால் ஒரு கடிதம் தருவார். இந்தக் கடிதத்தை நம்மவர்கள் மதிப்பதில்லை. காய்கறிப் பட்டியலோடு சட்டைப் பையில் மடித்து வைத்து நனைத்துவிடுகிறார்கள். நிபுணரிடம் போகும் பாதை அந்தத் தாளில்தான் இருக்கிறது. சர்க்கார் டாக்டரின் கடிதத்தோடு போகிறவர் நிபுணர் கிளினிக்கில் தொடர்ந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் 5 வெள்ளி கட்டுகிறார். தனியார் டாக்டரின் கடிதத்தோடு போனால் முதல் முறை 30 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் நாளொன்றுக்கு 3 வெள்ளி. எத்தனை நாள் படுத்தாலும், அறுவை நடந்தாலும், மூன்றாம் வகுப்புப் பிரஜைக்கு 500 வெள்ளிக்கு மேல் போகாது என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு வைக்கும் வில்லை, எலும்புக்கு வைக்கும் இரும்பு போன்ற சாமான்களை வாங்கச் சொன்னால் அது வேறு கணக்கு. அதற்கும் வழி உண்டு, பின்னால் சொல்லுகிறோம்.

அறுபது வயது நிரம்பியவர்களுக்கு வெளிநோயாளிச் சீட்டுக்கு அந்த ஒரு வெள்ளியும் கிடையாது. மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணத்திலும் பாதி தள்ளுபடி. ஓ.கே.யு. கார்டு உள்ளவர்களுக்கும் விலக்கு உண்டு. இரத்ததானம் செய்பவர்கள் வைத்திருக்கும் சிவப்புப் புத்தகத்துக்கும் சலுகை உண்டு. எத்தனை முறை கொடுத்தாரோ அவ்வளவு காலத்துக்கு அது நீளும். வகுப்பில் ஒரு வாலிபர் பதினேழு முறை இரத்தம் கொடுத்திருப்பதாகச் சொன்னார். புத்தகத்தை எங்கே வைத்தார் என்று தெரியாதாம்! அவருடைய தாயார் அங்கேயே அவரைக் கடிந்துகொண்டார்.

இன்னொன்று. பிள்ளைகளில் ஒருவர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தால் அவருடைய பெற்றோருக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சலுகை உண்டு. இலாகாவிலிருந்து உறுதிக் கடிதம் வாங்கிக் காட்டவேண்டும். மகள் ஆசிரியையாக இருந்தும், இது தெரியாமல் கண் அறுவைக்குக் கடன் வாங்கிய அத்தா ஒருவரை நாம் சந்தித்தோம். மகளுக்கும் தெரியவில்லை, அத்தாவும் கேட்கவில்லை. மகளிடம் கேட்பது கௌரவக் குறைவு என்று நினைத்தாராம்.

சர்க்கார் வைத்தியத்தில் குறை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பணத்துக்குப் பதில் நேரத்தைக் கொடுக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு வரிசை. நிபுணருக்குத் தேதி சில வாரம், சில வேளை சில மாதம். கடையை மூடிவிட்டு அரை நாள் உட்கார முடியாதென்று சொல்பவர்களின் கஷ்டம் நமக்குத் தெரியும். இப்போது கிளினிக் கெசிஹாத்தானுக்கு மைசெஜாத்ரா வழியாக முன்கூட்டியே நேரம் எடுக்கலாம். கைத்தொலைபேசி கையாளத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும். தேதி தூரமாக இருந்து நோய் முற்றினால், அந்தத் தேதி வரை வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை. கடிதம் எழுதிய டாக்டரிடமே திரும்பிப் போய்ச் சொன்னால் அவர் மீண்டும் பார்த்து, தேவையானால் தேதியை முன்னே கொண்டுவரக் கேட்பார்.

தூரம் இன்னொரு குறை. கோல நெராங்கிலிருந்து அலோர் ஸ்டாருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பாலிங்கிலிருந்து சுங்கை பட்டாணிக்கு ஏறத்தாழ 60. மருந்து வாங்க மட்டும் மாதாமாதம் இந்தத் தூரம் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது அவசியமில்லை. பெரிய ஆஸ்பத்திரி நிபுணர் எழுதிய தொடர் மருந்தை, முதல் முறை மட்டும் அங்கே வாங்கிக்கொண்டு, அடுத்த மாதங்களுக்கு வீட்டருகே உள்ள சர்க்கார் கிளினிக்கிலோ சிறிய ஆஸ்பத்திரியிலோ வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. அதன் பெயர் எஸ்.பி.யு.பி. தபாலில் மருந்து அனுப்பும் ஏற்பாடும் உண்டு. மருந்து கொடுக்கும் கவுண்டரில், "எனக்கு எஸ்.பி.யு.பி. வேண்டும், பாலிங்கில் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொன்னால் எழுதிக் கொடுப்பார்கள். நாமாகக் கேட்காவிட்டால் நம் ஊர் எதுவென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வகுப்பின் இரண்டாம் ஞாயிறு முழுவதும் பணத்தைப் பற்றியே போயிற்று. அதில் நாம் அதிகமாகச் சொல்ல விரும்புவது ஓர் அறையைப் பற்றி. பெரிய ஆஸ்பத்திரிகளில் 'கெர்ஜா சோசியல் பெருபாத்தான்' என்று பலகை தொங்கும் ஓர் இலாகா இருக்கும். அதில் அமர்ந்திருப்பவர் டாக்டரல்லர், தாதியுமல்லர். நோயாளியின் குடும்ப நிலையை விசாரித்து, எந்த நிதியிலிருந்து உதவி வாங்கலாம் என்று பார்ப்பதே அவர் உத்தியோகம். செயற்கைக் கால், சக்கர நாற்காலி, இதயத்துக்குப் பொருத்தும் கருவி, ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்காத விலையுயர்ந்த மருந்து ஆகியவற்றுக்குச் சுகாதார அமைச்சு 2005-ம் ஆண்டில் ஏற்படுத்திய மருத்துவ உதவி நிதி ஒன்று உண்டு. அதற்கு மனுச் செய்வது இந்த அறை வழியாகத்தான். ஜகாத் வாரியத்துக்கு எழுதுவதற்கும் இவர்களே ஆலோசனை சொல்வார்கள். கெடாவின் ஜகாத் வாரியம் நோயாளிகளுக்கு உதவுவதை நம்மில் பலர் அறிவார்கள். ஆனால் ஜகாத் என்றால் கொடுப்பது மட்டுமே நம் வேலை, வாங்குவது பிறர் வேலை என்ற எண்ணம் நமக்கு இருக்கிறது. கடை நொடித்து, கால் எடுத்துப் படுத்திருக்கும் ஒருவருக்கு அந்த உரிமை இல்லையென்று யார் சொன்னது?

இந்த அறைக்கு டாக்டர் அனுப்பவேண்டும், அல்லது நோயாளியின் வீட்டார் கேட்க வேண்டும். பில் வந்தபின் போவதைவிட, "இந்தச் சாமானை வாங்கி வாருங்கள்" என்று டாக்டர் சொல்லும் அன்றே போவது நல்லது. வாங்கி முடித்தபின் காசு திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 2019-ம் ஆண்டில் 'பேக்கா பி40' என்ற திட்டம் வந்தது. சர்க்காரின் ரொக்க உதவியான எஸ்.டி.ஆர். பெறும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவரும் அவருடைய துணையும் இதில் தாமாகவே சேர்ந்தவர்கள். தனியாக மனுப் போட வேண்டியதில்லை. முதலில் இலவச உடல் பரிசோதனை. அதில் நோய் தெரிந்தால் மேலே கவனிப்பு. மருத்துவச் சாதனங்களுக்கு 20,000 வெள்ளி வரை உதவி. புற்றுநோய்ச் சிகிச்சையை நடுவில் விடாமல் முடிப்பவருக்கு 1,000 வெள்ளி. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வழிச் செலவுக்கு மேற்கு மலேசியாவில் 500 வெள்ளி வரை. சபா, சரவாக்கில் அதற்கு இரட்டிப்பு. புற்றுநோய் கண்டவர்கள் பஸ் செலவுக்கு அஞ்சிப் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பதைத் தெரிந்து யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு இது. வகுப்புக்கு வந்த தாய்மார்களில் எஸ்.டி.ஆர். வாங்குவதாகக் கை தூக்கியவர்கள் பலர். பரிசோதனைக்குப் போனதாகக் கை தூக்கியவர்கள் இருவர்.

அடுத்தது சொக்சோ. 1969-ம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்து 1971-ல் வேலை தொடங்கிய இந்த நிறுவனத்தைக் கை கால் உடைந்தால் காசு கொடுக்கும் இடமென்றுதான் நம்மவர்கள் நினைக்கிறார்கள். வேலை செய்யும் இடத்தில் நேரும் விபத்து மட்டுமல்ல, வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நேரும் விபத்தும் அதில் சேரும். நோயினால் இனி உழைக்க முடியாதென்று ஆகிவிட்டால் மாதப் பென்ஷன் உண்டு. சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று முறை இரத்தம் சுத்திகரிக்க வேண்டிய அங்கத்தினருக்கு அந்தச் செலவுக்கும் உதவி உண்டு. சொந்தத்தில் தொழில் செய்பவர்களுக்கு 2017-ம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது, அங்காடிக்காரரும் சேரலாம். 2022-ம் ஆண்டு டிசம்பரிலிருந்து இல்லத்தரசிகளுக்கும் ஒரு திட்டம் நடக்கிறது. 55 வயதுக்கு உட்பட்ட பெண்ணுக்கு ஆண்டுக்கு 120 வெள்ளி. அடுப்பங்கரையில் வழுக்கி விழுந்தாலும் அது விபத்தாகவே கணக்கில் வரும். மாதம் பத்து வெள்ளி. நம் கடையில் ஒரு மேஜைக்கு ஒரு வேளை ஓடும் தே தாரிக் கணக்கு அதைவிட அதிகம்.

இங்கே ஒரு கசப்பான விஷயம் சொல்லவேண்டியிருக்கிறது. நம் கடைகளில் வேலை செய்யும் பையன்களில் கணிசமானவர்கள் ராமநாதபுரம், தஞ்சை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து பர்மிட்டில் வந்தவர்கள். அவர்களுக்கு ஒரு வெள்ளிச் சீட்டு இல்லை. 2014-ம் ஆண்டின் கட்டண உத்தரவும் அதன்பின் வந்த மாற்றங்களும் அந்நிய நாட்டவருக்கு உண்டான செலவை அவர்களே கட்டவேண்டுமென்று ஆக்கிவிட்டன. கிளினிக்கில் சீட்டுக்கே 40 வெள்ளி. மருந்தும் பரிசோதனையும் தனி. மூன்றாம் வகுப்பு வார்டில் சேர 1,400 வெள்ளி முன்பணம். அறுவை என்றால் 2,800. காய்ச்சல் கண்ட பையன் இந்தக் கணக்கை நினைத்து, பனடோல் விழுங்கிவிட்டுத் தட்டுக் கழுவ நிற்கிறான். டெங்கியாக இருந்தால் மூன்றாம் நான்காம் நாளில், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான், ஆபத்து. இறங்கிவிட்டது என்று அவனும் நாமும் மகிழ்ந்துகொண்டிருக்கும் வேளை அது.

அவனுக்காக முதலாளி வாங்கியே ஆகவேண்டிய ஓர் இன்ஷூரன்ஸ் உண்டு. எஸ்.பி.ஐ.கே.பி.ஏ. என்ற அந்தத் திட்டம் 2011-ல் வந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரி வார்டில் படுத்தால் ஆண்டுக்கு 20,000 வெள்ளி வரை அது ஏற்கும். கிளினிக் சீட்டுக்கு ஏற்காது. அந்தக் கார்டு பையனிடம் இருக்கவேண்டும். பெரும்பாலான கடைகளில் அது ஏஜெண்டிடமோ, கல்லாப்பெட்டியின் அடியிலோ கிடக்கிறது. கார்டைக் காட்டினால் முன்பணத் தகராறு பெரும்பாலும் தீரும். 2019 ஜனவரியிலிருந்து இவர்கள் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்திலும், 2024 ஜூலையிலிருந்து அதன் உழைக்க முடியாமைத் திட்டத்திலும் சேர்க்கப்பட்டுள்ளார்கள். இந்தச் சந்தாவை ஒழுங்காகக் கட்டாத முதலாளி சட்டத்துக்கும் பையனின் குடும்பத்துக்கும் பதில் சொல்லவேண்டியவராகிறார். கிளினிக் செலவான நாற்பது வெள்ளியையும் சேர்த்து முதலாளியே ஏற்றுக்கொள்வது என்று வகுப்புக்கு வந்த ஐந்து கடைக்காரர்கள் அங்கேயே சொன்னார்கள். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஊரிலிருந்து மணமுடித்து அழைத்து வந்த மனைவி இன்னும் பாஸில் இருப்பாரானால் அவரும் கட்டணத்தில் அந்நிய நாட்டவரே. கர்ப்பம் தெரிந்த மாதமே நிக்காஹ் பத்திரம், கணவரின் அடையாளக் கார்டு, பாஸ்போர்ட் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியின் கட்டணக் கவுண்டரில் பிரசவக் கணக்கைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்பதாம் மாதத்தில் கேட்பவருக்குச் சேமிக்க அவகாசம் இல்லை.

தனியார் டாக்டர்களை நாம் குறைத்துச் சொல்லவில்லை. டாக்டர் மகாதீர் 1957-ல் அலோர் ஸ்டாரில் மஹா கிளினிக் திறந்த காலத்திலிருந்து கெடா டவுன்களில் தனியார் கிளினிக்குகள் நல்ல தொண்டு செய்து வருகின்றன. இருமலுக்கும் காய்ச்சலுக்கும் கடையைப் பாதியில் விட்டு வருபவருக்கு அவைதான் கைகொடுக்கின்றன. நாம் எச்சரிக்க விரும்புவது மெடிக்கல் கார்டைப் பற்றி. தகாஃபுல் கார்டு ஒன்று சட்டைப் பையில் இருந்தால் எந்த ஆஸ்பத்திரியும் திறந்துகொள்ளும் என்று நம்புகிறார்கள். எடுத்த முதல் 30 நாளில் விபத்தைத் தவிர வேறு நோய்க்கு அது பேசாது. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இருதயம், கட்டிகள், கல், குடலிறக்கம் முதலிய சில நோய்களுக்கு 120 நாள் பொறுக்கவேண்டும். முன்பே இருந்த நோயை மனுவில் மறைத்து எழுதியிருந்தால், பணம் கேட்கும் நாளில் பழைய கிளினிக் சீட்டுகளைத் தேடி எடுத்துவிடுவார்கள். "ஏஜெண்ட் தம்பி எழுத வேண்டாம் என்றார்" என்பது பதிலாகாது. கையெழுத்து நம்முடையது. வயது ஏற ஏறச் சந்தாவும் ஏறும். அறுபதில் கட்ட முடியாமல் கைவிட்டால், தேவைப்படும் வயதில் கை வெறுங்கை. ஆகவே கார்டு உள்ளவரும் தம் ஊர்க் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு பெயர்ப் பதிவு வைத்திருப்பது நலம்.

மூன்றாம் ஞாயிறு கேள்வி நேரம். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு ராத்தா எழுந்து, "மலாய் சரியாகப் பேச வராது. கவுண்டரில் கேட்கவே கூச்சமாயிருக்கு. என்ன செய்யுறது?" என்று கேட்டார். எழுதிக் கொண்டுபோகலாம் என்றோம். என்று முதல் நோய், என்ன மருந்து சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு என்ன அறுவை நடந்தது ஆகியவற்றைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டு மலாயில் ஒரு தாளில் எழுதச் சொல்லி, அடையாளக் கார்டின் நகல், கிளினிக் புத்தகம், பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைக்கலாம். மருந்துகளைப் பெயர் சொல்லத் தெரியாதவர் டப்பாக்களையே பையில் போட்டுக் கொண்டுபோகலாம். டாக்டர்கள் கோபிக்கமாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள்.

மற்றொருவர், நாட்டு மருந்து சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லலாமா என்று கேட்டார். கட்டாயம் சொல்லவேண்டும். இரத்தத்தை இளக்கும் மாத்திரையோடு சில வேர்களும் லேகியங்களும் சேர்ந்தால் இரத்தம் நிற்காமல் போகும்.

பாலிங் பெரியவரும் அன்று வந்திருந்தார். கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தேநீர் நேரத்தில், "மாமா, உங்கள் மருந்து இப்போ எங்கே?" என்று விசாரித்தோம். சுங்கை பட்டாணி நிபுணரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறாராம். மருந்தை மாதாமாதம் எஸ்.பி.யு.பி. சீட்டைக் காட்டிப் பாலிங் ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொள்கிறாராம். அன்று காரில் கடந்துபோன அதே வாசல். "எவ்வளவு கட்டுறீங்க?" என்றோம். அவருக்கு வயது அறுபத்து மூன்று. ஒரு வெள்ளியும் இல்லை என்றார்.